பெட்டி யாருடையது என்று கேட்டார்கள்

மகன், உனக்கும் அங்கே உன்னோடு ஒரே அறையில் கிடக்கும் பிள்ளைகளுக்கும் இந்த வாப்பாவின் ஸலாம். நீ அனுப்பிய கடிதமும் அதற்குள் வைத்திருந்த கடை விளம்பரத் துண்டும் கிடைத்தன. கிட்டாருக்குச் சுதி பார்க்கும் புது மெஷின் வந்திருக்கிறது, எந்தக் கம்பியைத் தட்டினாலும் அது எந்தக் கம்பி என்று தானே கண்டுபிடித்துச் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் எரிக்கிறது, ஆள் எதையும் திருப்பவே தேவையில்லை என்று எழுதியிருந்தாய். இரண்டு வாங்கி வைத்திருப்பதாகவும், ஒன்று எனக்கு, மற்றது தவராசா மாமாவுக்கு என்றும் எழுதியிருந்தாய். பெருநாள் கழித்து உன் கல்யாணத்துக்கு வரும்போது, சபையில் எல்லாரும் பார்க்க அதை அவர் கையில் கொடுக்கப் போகிறாயாம். "அவரு இல்லாட்டி நாங்க இல்லையே வாப்பா" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை வாசித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் உம்மா காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்த மனுஷன் கையில் இப்படியொரு பெட்டியை நீ கொடுப்பதற்கு முன்னால், இதே மாதிரி ஒரு பெட்டியால் அந்தக் கைக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். இதுவரை உனக்குத் தெரிந்ததெல்லாம் பொய்.

நான் கல்முனையில் ரேடியோ திருத்தும் கடையும் லவுட்ஸ்பீக்கர் வாடகையும் வைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் கல்யாண வீட்டுப் பார்ட்டிகளில் கிட்டார் அடித்த காலம் உனக்கு ஓரளவு ஞாபகம் இருக்கும். காரைதீவிலிருந்து சைக்கிளில் வந்து என்னோடு சேர்ந்து வாசித்தவன் தவராசா. அப்போது எங்களுக்குச் சுதி என்றால், எங்களோடு வாசித்த மூத்தவர் அலியார் காக்காவின் ஹார்மோனியம்தான். அவர் ஒரு கட்டையை அமத்திப் பிடிப்பார், நாங்கள் கம்பியை முறுக்கி அதோடு சேர்ப்போம். அந்த ஹார்மோனியத்தின் பித்தளை நாக்குகள் கடற்காற்றில் பச்சை பூத்து, சுதியில் கீழே இறங்கிப் போயிருந்தன. ஆனால் எல்லாரும் சேர்ந்து இறங்கியிருந்ததால் அது ஒருவருக்கும் தெரியவில்லை. சுதி பார்க்க மெஷின் உண்டு என்பதை நான் அறிந்ததே கொழும்பில், ரேடியோக் கடையில் மூன்று வருஷம் வேலை பழகியபோதுதான். ஒரு சங்கீதக் கருவிக் கடையில், தையல் மெஷின் பருமனில், கரண்டில் ஓடும் ஒன்று இருந்தது. உள்ளே கோடு போட்ட தட்டு ஒன்று சுற்றும். கம்பியைத் தட்டினால் அந்தச் சத்தத்தின் வேகத்துக்கு ஒரு விளக்கு மினுங்கும். சுதி சரியென்றால் சுற்றுகிற தட்டின் கோடுகள் அப்படியே நின்றுபோன மாதிரித் தெரியும். நான் பிறப்பதற்கு முன்பே வெள்ளைக்காரன் அதைச் செய்துவிட்டானாம். அதைத் தூக்கிக்கொண்டு எந்தக் கல்யாண வீட்டுக்குப் போவது?

எழுபதுகளின் கடைசியில் உன் பெரிய மாமா குவைத்திலிருந்து வந்தபோது ஜப்பான்காரன் செய்த சின்னப் பெட்டியொன்றை எனக்குக் கொண்டு வந்தார். உள்ளங்கையில் அடங்கும். சதுர பெற்றரி ஒன்று, ஆறு கம்பிக்கும் ஆறு இடத்தில் நிற்கும் ஒரு திருகு, கண்ணாடிக்குள் ஒரு முள். சுதி குறைந்தால் முள் இடப்பக்கம், கூடினால் வலப்பக்கம், சரியென்றால் நடுவில். அன்றைக்கே அதைக் கழற்றிப் பார்த்துவிட்டேன். உள்ளே ஒரே ஒரு வேகமான துடிப்பை எழுப்பி, அதை வகுத்து வகுத்து ஆறு கம்பிக்குமுரிய துடிப்புகளை எடுத்து, வெளியிலிருந்து வரும் சத்தத்தை அதோடு ஒப்பிட்டு முள்ளை அசைக்கிறார்கள். கொழும்புக் கடையில் மேசையை அடைத்துக்கொண்டிருந்தது என் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. எனக்குத் தலைக்கனம் பிடித்தது அன்றுதான். தவராசாவிடம் காட்டினேன். அவன் சிரித்தான். "இது உனக்குத்தான் மச்சான் தேவ. எனக்குக் காது கிடக்கு," என்றான். அந்தப் பெட்டியை அவன் ஒரு நாளும் தொட்டுச் சுதி பார்த்ததில்லை. இதை நல்லா ஞாபகம் வைத்துக்கொள்.

மருதமுனையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வந்து இறங்கும் நேரம். நான் பெட்டியை வைத்து இரண்டு கிட்டாருக்கும் சுதி சேர்த்திருந்தேன். தவராசா வேண்டாம் என்றுதான் சொன்னான், நான்தான் கேட்கவில்லை. முதல் பாட்டு எடுத்ததும் ஹார்மோனியம் ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம். பந்தலில் இருந்த சனம் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நான் மைக்கிலேயே, "உங்கட பெட்டி புழுத்துப் போச்சு காக்கா," என்று சொல்லிவிட்டேன். அலியார் காக்கா எழும்பி வந்து, "முப்பது வருஷமா இதுலதான்டா ஊரே பாடுது. நேத்து வந்த முள்ளுக்கு என்ன தெரியும்?" என்று என் பெட்டியைப் பிடுங்கித் தூணில் அடித்தார். நான் மைக் கம்பத்தைத் தூக்கினேன். அவருடைய முன்பல் இரண்டும் என் காலடியில் விழுந்தன. அவர் பல்லைத் தேடிக் குனிந்தபோது முதுகிலும் ஒன்று போட்டேன். தவராசாதான் பின்னால் வந்து என்னைக் கட்டிப் பிடித்தான். இல்லையென்றால் அன்றைக்கு மையத்து விழுந்திருக்கும். இரண்டு நாள் கழித்து, உடைந்த பெட்டியை அவன்தான் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்னால ஒரு சின்னத் திருகு கிடக்கே மச்சான். இதத் திருப்பினா முள்ளும் அலியார் காக்காட சுதிக்கு இறங்கும்தானே?" என்று கேட்டான். அதற்காகத்தான் அந்தத் திருகை வைத்திருக்கிறார்கள். ரேடியோக்காரன் நான் அதைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அலியார் காக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நீ மாப்பிள்ளையாகப் போகிறவன். நான்தான் சரி என்று உனக்கு மிக நன்றாகத் தெரிகிற நேரத்தில் கையைப் பையிலிருந்து எடுக்காதே.

என்னுடைய அந்தக் கையால் நீயும் அடி வாங்கியவன்தான். கூடு உடைந்த பெட்டியின் உள்சாமானை ஒரு பிளாஸ்டிக் சோப்புப் பெட்டிக்குள் வைத்து இறுக்கியிருந்தேன். கல்யாண வீட்டு இரைச்சலில் முள் கண்டபடி ஆடாமல் இருக்க, சத்தத்தை நேராகக் கிட்டார்ப் பலகையிலிருந்தே எடுக்கும்படி ஒரு சின்னத் தகட்டைச் சிவப்பு வயரில் பற்றவைத்து வெளியே நீட்டியிருந்தேன். கறுப்பு ஒட்டு ரேப்பால் சுற்றிய சோப்புப் பெட்டி, அதில் ஒரு முள், ஒரு பெற்றரி, வெளியே தொங்கும் சிவப்பு வயர். நீ ஒரு நாள் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்த மறந்தாய். பெற்றரி செத்துப்போனது. கிட்டார் வயரை இரண்டாக மடித்து உன் தொடையில் அடித்தேன். நீ அழவில்லை, அதற்காக இன்னும் அடித்தேன். உன் உம்மா குறுக்கே வந்தாள். அவளுக்கும் விழுந்தது. அந்தத் தழும்பு அவள் முழங்கையில் இருக்கிறது. சூட்டுக் கரண்டி பட்டது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். என்னை மன்னித்துக்கொள் மகன். இதை நீ நேரில் இருந்தபோது சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் விஷயம். நாடு கெட்டுப்போய், ரோட்டுக்கு ரோடு ஆமிக்காரன் சாவடி போட்டிருந்த காலம். அக்கரைப்பற்றில் ஒரு கடை திறப்புக்கு வாசித்துவிட்டு நானும் தவராசாவும் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தோம். பகல் இரண்டு மணி வெயில். நான் ஓட்டினேன். பின்னால் இருந்த அவன் கிட்டார்களையும் பையையும் தோளில் மாட்டியிருந்தான். சாவடியில் மறித்தார்கள். பையைக் கொட்டினார்கள். சோப்புப் பெட்டி ரோட்டில் விழுந்தது. குண்டென்று நினைத்து நாலு பேர் ஒரேயடியாகப் பின்னால் பாய்ந்து துவக்கை நீட்டினார்கள். இரண்டு பேரையும் முட்டுக்காலில் இருத்தினார்கள். தார் கொதித்தது. ஒருவன் தடியால் பெட்டியைத் தட்டித் திறந்தான். முள் ஆடியது. "காகேத மேக?" என்று கேட்டான். இது யாருடையது என்று கேட்கிறான். தவராசாவுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. எனக்குத்தான் தெரியும். அவன் என் பக்கம் திரும்பி, "சொல்லு மச்சான், சுதி பாக்கிற சாமான் எண்டு வடிவாச் சொல்லு," என்றான்.

அதைச் சொல்ல எனக்கு அஞ்சாறு சொல் போதும். எல்லாம் வாயில் இருந்தது. ஆனால் அடுத்த கேள்வி எனக்குத் தெரிந்தது. இதைப் பற்றவைத்தது யார் என்பான். நான் என்றால், உனக்கு வேறு என்னவெல்லாம் பற்றவைக்கத் தெரியும் என்பான். ரேடியோ திருத்துகிற எத்தனை பேரை அப்படிக் கொண்டுபோனார்கள் என்று எனக்குத் தெரியும். நான் கையைக் கூப்பிக்கொண்டு, "மகே நெவெய் சேர், எயாகே," என்றேன். என்னுடையது இல்லை சேர், அவனுடையது. அதோடும் நிற்கவில்லை. நான் முஸ்லிம், கல்முனையில் கடை வைத்திருக்கிறேன், இவன் வழியில் ஏறியவன், இவனை எனக்கு வடிவாகத் தெரியாது என்றும் சொன்னேன். நான் கும்பிட்டுக் கும்பிட்டுச் சொல்வதைப் பார்த்துக்கொண்டிருந்த தவராசாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. தனக்காகக் கெஞ்சுகிறேன் என்று நினைத்துவிட்டான்.

முதல் அடி துவக்குப் பிடியால் வாயில் விழுந்தது. பிறகு நாலு பேரும் சேர்ந்துகொண்டார்கள். விழுந்து கிடந்தவனின் இடது கையை இழுத்து ரோட்டில் விரித்து வைத்து, ஒருவன் சப்பாத்துக் குதியால் ஏறி நின்றான். இறங்கினான். மறுபடி ஏறினான். விரல் முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது மகன். கிட்டாரில் கம்பியை அமத்துகிற கை அது. எங்கள் பக்கத்து ஊர்களில் அப்படியொரு கை இல்லை. எனக்கு அடையாள அட்டையைத் திருப்பித் தந்து போகச் சொன்னார்கள். மோட்டார் சைக்கிள் எப்போதும் மூன்று தரம் உதைத்தால்தான் எழும்பும். அன்றைக்கு முதல் உதையிலேயே எழும்பிவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினேழு நாள் அவனை வைத்திருந்தார்கள். நான் ஒரு நாளும் போய்க் கேட்கவில்லை. கடையில் இருந்து ரேடியோ திருத்தினேன். உன் உம்மாவை மட்டும் அரிசியும் மீனும் கொடுத்து அவன் வீட்டுக்கு அனுப்பினேன். விட்ட பிறகு பார்க்கப் போனேன். முகம் வீங்கிக் கறுத்திருந்தது. இடது கையில் மூன்று விரல் கோழிக் கால் மாதிரி வளைந்து நின்றன. அவன் மற்றக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அண்டைக்கு அவனுகளுக்கிட்ட அவ்வளவு கதைச்சபடியாத்தான் மச்சான் என்ன உயிரோட விட்டானுகள்," என்று அழுதான். அவன் பெண்சாதி என் காலில் விழப் பார்த்தாள். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "அல்லாஹ்தான் காப்பாத்தினான்," என்று சொன்னேன். அல்லாஹ்வின் பெயரையும் அந்தப் பொய்க்குள் இழுத்தேன்.

அதற்கு அடுத்ததுதான் உனக்குத் தெரியும். எங்கள் ஆட்களும் தவராசாவின் தமிழ் ஆட்களும் வெட்டிக்கொண்ட நாட்கள். எங்கள் பக்கத்தில் தமிழன் வீட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றியவர்களை எனக்குப் பெயர் சொல்லத் தெரியும். தொழுகையில் என் பக்கத்தில் நின்றவர்கள். அக்கரைப்பற்றில் உன் சாச்சி வீட்டுக்குப் போய்விட்டு நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் திரும்பும்போது காரைதீவில் தமிழ் ஆட்கள் மறித்தார்கள். உனக்குப் பதினேழு வயது. முஸ்லிம்களை மட்டும் இறக்கி மதிலோரம் நிறுத்தினார்கள். கத்தி, பொல்லு, கோடாலி. உன் சட்டையை ஒருவன் பிடித்துவிட்டான். அப்போது தவராசா அந்த வளைந்த கையைத் தூக்கிக்கொண்டு சனத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தான். "டேய், இவன் எனக்காக ஆமிக்காரனுக்கு முன்னால கும்பிட்டவன்டா! இந்தக் கையப் பாருங்கடா! இவனிலயும் இவன்ட பிள்ளையிலயும் கை வைக்கிறதெண்டா முதல்ல என்ன வெட்டுங்கடா!" என்று கத்தினான். எங்கள் மூன்று பேரையும் தன் வீட்டுக்குள் கொண்டுபோனான். எங்களோடு இறக்கிய மற்ற இரண்டு பேரும் அந்த மதிலடியிலேயே முடிந்துபோனார்கள். அவர்களுக்காகச் சொல்ல ஒருவரிடமும் ஒரு கதை இருக்கவில்லை. நீயும் உன் உம்மாவும் உயிரோடிருப்பது நான் சொன்ன ஒரு பொய்யால். இதை நினைக்காமல் ஒரு நாளும் நான் படுத்ததில்லை.

பிழை விட்டால் அன்றைக்கே சொல்லிவிடு மகன். அன்றைக்கு அது ஒரு பிழைதான். ஒரு அடி விழும், பேச்சு விழும், முடிந்துவிடும். நாள் போகப் போக அதற்குமேல் ஆட்கள் வீடு கட்டிவிடுவார்கள், பிறகு அசைக்க முடியாது. உன் பெண்சாதியிடமும் இப்படியே இரு. நான் உனக்குத் தரக்கூடிய புத்தி இவ்வளவுதான். மற்றதெல்லாம் உனக்கு என்னைவிட உன் உம்மாவிடமிருந்து வந்திருக்கிறது.

இதுவரைக்கும் முந்தாநாளே எழுதிவிட்டேன். பிறகு யோசித்தேன். அவனுக்குத் தெரியாததை உனக்கு மட்டும் சொல்வது இன்னொரு ஈனத்தனம். உறையை ஒட்டாமல், நேற்றுப் பகல் காரைதீவுக்குக் கொண்டுபோனேன். அவன் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பது உனக்குத் தெரியும். ஒரு கையால் ரியூப்பைப் பிடித்து, பல்லால் ஒட்டுத்துண்டை இழுத்துக்கொண்டிருந்தான். "மகன் கடிதம் போட்டிரிக்கானா?" என்று கேட்டான். "நான் அவனுக்கு எழுதினது. முதல்ல நீ கேளு," என்று சொல்லிவிட்டு, மேலே எழுதிய எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் வாசித்தேன். சிங்களத்தில் சொன்னதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். அதற்கு அர்த்தம் என்ன என்று எழுதியிருந்த வரியையும் வாசித்தேன்.

அவன் எழும்பி, காற்றடிக்கும் பம்பை எடுத்து என் தாடையில் அடித்தான். விழுந்தேன். நெஞ்சில் உதைத்தான். பம்பின் இரும்பு அடியால் தோளிலும் முழங்கையிலும் அடித்தான். வளைந்த கையாலும் குத்தினான், அவனுக்கே நொந்திருக்கும். நான் கையைத் தூக்கவில்லை. இவ்வளவு வருஷத்தில் நான் கை தூக்காத ஒரே சண்டை அதுதான். சத்தம் கேட்டு அவன் பெண்சாதி ஓடி வந்தபோது, அவன் பம்பைக் கீழே போட்டுவிட்டு, "ஒண்டுமில்ல. சைக்கிள் சரிஞ்சி இவனுக்கு மேல விழுந்திட்டு. தண்ணி கொண்டா," என்றான். அவள் போனதும் எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தான். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"இத வேற ஆருக்கும் வாசிச்சியா?"

"இல்ல. ஊருக்கே சொல்லப்போறன் தவம். பள்ளிவாசல்ல எழும்பி நிண்டு சொல்லப்போறன்."

"சொன்னாய் எண்டா உன்னக் கொல்லுவன்." அவன் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "அண்டைக்கு பஸ்ஸடியில நான் சொன்ன கதைய வெச்சித்தான்டா இஞ்ச இரிக்கிற பொடியனுகளோட நான் இண்டு வரைக்கும் கதைக்கிறன். ஒரு சோனகன் எனக்காகக் கும்பிட்டான் எண்டு சொல்லிச் சொல்லித்தான் கத்தியோட கிளம்பின எத்தின பேரத் திருப்பி அனுப்பியிரிக்கன். இப்ப நீ போய் இதச் சொன்னா அவனுகள் என்ன செய்வானுகள்? உன்ட மனம் ஆறுறதுக்கு எத்தின பேர் சாகணும்?"

அவன் சட்டையை விட்டான்.

"மகனுக்கு அனுப்பு. அவனுக்குத் தெரியட்டும். வேற ஒருத்தருக்கும் வேணாம். நீ நல்லவனாவே இரி மச்சான். சாகுமட்டும் நல்லவனாவே இரி."

அதனால் இதோடு உறையை ஒட்டுகிறேன். வாசித்ததும் எரித்துவிடு. கல்யாணத்துக்கு வருவதாகத் தவராசா இன்று காலை சொல்லியனுப்பியிருக்கிறான். உன் புது மெஷினை அவன் கையில் கொடுக்காதே, யாருக்கும் தெரியாமல் வேறு ஆருக்காவது கொடுத்துவிடு. அவன் முன்வரிசையில் இருப்பான். சாப்பாடு முடிந்து சனம் கூடியிருக்கும்போது, இந்தப் பக்கத்து ஆட்களும் அந்தப் பக்கத்து ஆட்களும் கேட்க, அவன் அந்தக் கையைத் தூக்கிக் காட்டி, என் தோளில் போட்டு, நான் அவனுக்காகக் கும்பிட்ட கதையைச் சொல்லுவான். நான் தலையாட்டுவேன். நீயும் பக்கத்தில் நின்று தலையாட்டு.